நாள்கணக்கில் ஆடும் இணையச் செஸ்: எந்தப் பெயர் சரி?

இணையத்தில் நிதானமாக ஆடும் செஸ்ஸில் இரண்டு வகை உண்டு. ஒரே அமர்வில் இரண்டு மூன்று மணி நேரம் ஆடி முடிப்பது ஒன்று. நகர்வுக்கு மூன்று நாள், ஐந்து நாள் என்று மாதக்கணக்கில் நீள்வது மற்றொன்று. குழுவுக்கோ போட்டிக்கோ பெயர் வைப்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

'ஸ்லோ செஸ்' என்ற பெயர் இங்கேதான் சறுக்குகிறது. லிசெஸ் என்ற செஸ் தளத்தில் 45+45 நேரத்தில் ஆடுபவரும் அதைத்தான் சொல்கிறார், நகர்வுக்கு 7 நாள் எடுப்பவரும் அதைத்தான் சொல்கிறார். 45+45 என்றால் தொடக்கத்தில் 45 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 45 நொடி. நாற்பது நகர்வுக்கு ஒருவருக்கு 75 நிமிடம், இருவருக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம். நாள் கணக்கு என்று நினைத்துச் சேர்ந்தவர் முதல் நகர்வை வைத்துவிட்டு எழுந்து போனால், நேரம் தீர்ந்து தோற்பார். எதிராளிக்கும் அந்த மாலை வீண். 'நிதானச் செஸ்' என்று தமிழாக்கினாலும் இதே குழப்பம்தான்.

'கரஸ்பாண்டன்ஸ்', அதாவது அஞ்சல்வழிச் செஸ், மரபு நிறைந்த பெயர். 1824இல் லண்டன், எடின்பரோ செஸ் கழகங்கள் அஞ்சலில் மோதத் தொடங்கிய போட்டி 1828 வரை நீண்டது. ஆட்டத்தின் முதல் சில நகர்வுகளின் ஒரு வரிசைக்கு வழங்கும் ஸ்காட்ச் தொடக்கம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1951இல் உருவான ஐசிசிஎஃப், அதாவது சர்வதேச அஞ்சல்வழிச் செஸ் கூட்டமைப்பு, இன்றும் இந்தப் பெயரில்தான் போட்டி நடத்துகிறது. லிசெஸ்ஸும் இதையே வைத்திருக்கிறது. பெயருக்கு இத்தனை பெருமை இருந்தும் ஆபத்தும் இதில்தான் அதிகம். ஐசிசிஎஃப் போட்டிகளில் பொதுவாக என்ஜின், அதாவது நல்ல நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி நிரல், பயன்படுத்தலாம். லிசெஸ்ஸில் தொடக்க நகர்வுகளைத் தரும் தொடக்க நூலும் பழைய ஆட்டங்களின் தொகுப்பும் பார்க்கலாம், என்ஜினைத் தொடக்கூடாது. ஐசிசிஎஃப்பில் பழகியவர் லிசெஸ்ஸிலும் அதே விதி என்று எண்ணி ஆடினால், அவர் கணக்கு ஏமாற்றுக் கணக்காகக் குறிக்கப்படும்.

கடிகாரமும் வேறு. ஐசிசிஎஃப் சர்வரில் நெடுநாள் வழக்கம் 10 நகர்வுக்கு 50 நாள். வேகமாக ஆடி மிச்சம் பிடித்த நாள்கள் பின்னால் சிக்கலான நிலைக்கு உதவும். லிசெஸ்ஸிலும் செஸ்.காம் என்ற இன்னொரு தளத்திலும் ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரம் புதிதாகத் தொடங்கும். இரண்டு நிமிடத்தில் ஆடினாலும் மீதி நாள் சேராது. நேர நிர்வாகமே மாறிவிடுகிறது என்பதால் இதைச் சிறு வேறுபாடாக எண்ண முடியாது.

செஸ்.காம் வைத்திருக்கும் பெயர் 'டெய்லி'. சொல்ல எளிது, நாள் என்ற அலகும் உள்ளே இருக்கிறது. ஆனால் 'தினசரி' என்றதும் நாளுக்கு ஒரு நகர்வு கட்டாயம் என்று புதியவர் நினைக்கிறார். உண்மையில் நகர்வுக்கு 1 நாள் முதல் 14 நாள் வரை தேர்ந்தெடுக்கலாம். 14 நாளை இருவரும் முழுமையாக எடுத்தால் நாற்பது நகர்வு ஆட்டம் 1,120 நாள், மூன்று ஆண்டுக்கும் மேல். 3 நாள் என்றாலும் உச்சம் 240 நாள். தளத்தில் நாள்தோறும் வரும் தினசரிப் புதிருடன் குழம்பவும் வாய்ப்புண்டு.

'முறைவைத்து ஆடும் செஸ்' என்பதில் தகவலே இல்லை. எல்லாச் செஸ்ஸும் முறைவைத்துத்தான் ஆடப்படுகிறது.

ஒரே அமர்வில் முடியும் வகைக்கு 'கிளாசிக்கல்' போதும், 45+45 போன்ற நேர எண்ணையும் சேர்த்துச் சொன்னால். லிசெஸ் தொடக்க நேரத்தோடு நாற்பது நகர்வின் கூடுதல் நொடிகளைக் கூட்டி, 25 நிமிடம் எட்டினாலே கிளாசிக்கல் என்கிறது. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அறுபது நகர்வுக்குக் கணக்கிட்டு 60 நிமிடம் கேட்கிறது. ஆகவே 30+0 லிசெஸ்ஸில் கிளாசிக்கல், ஃபிடே கணக்கில் அதைவிட வேகமான 'ராபிட்' வகை.

மற்ற வகைக்கு எங்கள் தேர்வு 'நாள்கணக்குச் செஸ்'. கடிகாரத்தின் அலகு பெயரிலேயே வந்துவிடுகிறது. அஞ்சல்வழி மரபின் என்ஜின் விதியும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மரபை விட மனமில்லாதவர்கள் அறிமுகக் குறிப்பில் கரஸ்பாண்டன்ஸ் என்பதையும் எழுதலாம், தேடுபவருக்கு உதவும். ஆனால் பெயர் மட்டும் எல்லாவற்றையும் சுமக்காது. அழைப்பில் இந்த வரியும் வேண்டும்: "நாள்கணக்குச் செஸ், நகர்வுக்கு 3 நாள், ரேட்டிங் உண்டு, தொடக்க நூல் பார்க்கலாம், என்ஜின் கூடாது, விடுப்பு இல்லை." கடைசிச் சொல்லை விடவே கூடாது. செஸ்.காமில் விடுப்பு எடுத்துக் கடிகாரத்தை நிறுத்தலாம், லிசெஸ்ஸில் அந்த வசதி இல்லை. ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் ஐந்தாறு ஆட்டம் ஒன்றாக நேரம் தீர்ந்து கிடக்கும்.