விடியப்புறத்து வாவியை யார் அளப்பது?

மட்டக்களப்பு வாவியில் மீன் செத்து மிதந்தால்தான் தண்ணீரைப் பற்றிய பேச்சே எழுகிறது. போத்தலோடு ஆள் வருவதற்குள் அந்தத் தண்ணீர் அங்கே இருக்காது. முந்தனை ஆறு வாவிக்குள் என்ன கொண்டுவருகிறது என்பதை முன்கூட்டியே அறிய ஆய்வுகூடம், செய்மதி, தோணியில் வைத்தே செய்யும் சோதனை என மூன்று வழிகள் உண்டு.

வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வேளாண்மைக்கு அடிக்கும் மருந்து தண்ணீரில் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல ஆய்வுகூடத்தால்தான் முடியும். அதற்கு மாற்றே கிடையாது. ஆனால் மாதம் ஒரு போத்தல் அந்த ஒரு நொடியை மட்டுமே காட்டும். கழிவு எவ்வளவு ஒட்சிசனைத் தின்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு 20 பாகை செல்சியஸில் 5 நாள் காத்திருக்கவும் வேண்டும்.

செய்மதிப் படம் இலவசம். சென்டினல்-2 ஐந்து நாளுக்கொரு முறை வருகிறது, 10 மீற்றர் அளவுக்குத் துல்லியம். பாசி பரவுவதும் தண்ணீர் கலங்குவதும் தெரியும். ஒட்சிசனும் மருந்தும் தெரியாது. மாரியில் வயல்நீர் வழிந்து வரும் நாட்களில் முகில் மறைத்துவிடும்.

அப்புறம் தோணி. எனக்கு இதில்தான் நம்பிக்கை. பகலில் பாசி ஒட்சிசனை விடுகிறது. இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஒட்சிசன் ஆகக் குறைவு. காலை பத்து மணிக்கு லீற்றருக்கு 6 மில்லிகிராம் காட்டும் இடத்தில் ஐந்து மணிக்கு 2 இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் வாவியில் நிற்பது வலை எடுக்கப் போனவர்கள் மட்டும்தான்.

ஒட்சிசனை அளக்கும் மின்மானி நல்லது. ஆனால் உவர்நீருக்கு ஏற்பத் திருத்தி, அடிக்கடி சரிபார்க்க வேண்டும். 1888இல் ஹங்கேரிய இரசாயனவியலாளர் விங்க்ளர் கண்ட முறைக்கு மின்கலமே வேண்டாம். காற்றுக் குமிழி இல்லாமல் போத்தலை நிரப்பி, சோதனைக்கான இரண்டு இரசாயனக் கரைசல்களையும் விட்டு மூடி ஆட்டினால் போதும். ஒட்சிசன் இருந்தால் மண்ணிறமாகத் திரளும். அறவே இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். ரோர்ச் வெளிச்சத்திலேயே கண்ணுக்குத் தெரியும். கரைசல்களில் ஒன்று கடும் காரம் என்பதால் கையுறை கட்டாயம்.

மீனவர் சங்கங்களுக்கு இந்தச் சோதனைக்கான பெட்டியைக் கொடுத்துப் பழக்கலாம். நிறம் வெளிறும் காலையில் அதே இடத்துத் தண்ணீரை இன்னொரு போத்தலில் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்கு அனுப்பட்டும்.