மூத்த நூலகர்கள் நேரில் வந்து தரும் வழிகாட்டல்: புதுச்சேரி, கடலூர் நூலகர்களுக்கு ஒரு மதிப்பீடு

கல்லூரி நூலகம் என்றால் பெரும்பாலும் ஒரு நூலகர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான். நூலக அறிவியலில் எம்.லிப். பட்டம் முடித்ததும் நேராகப் பொறுப்பேற்பவருக்குச் சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மூத்த நூலகர்கள் சிலர் இப்படிப்பட்டவர்களின் நூலகத்துக்கே வந்து, அங்குள்ள புத்தகங்களையும் கணினியையும் வைத்தே வேலை சொல்லித்தருகிறார்கள். கட்டணம் இல்லை, பேருந்துச் செலவைக் கொடுத்தால் போதும். அருமையான சேவை. ஆனால் யாரை, எதற்காக அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன்.

அதிகப் பலன் தமிழ்ப் புத்தகங்களைப் பட்டியலிடுவதில்தான். நூல் பட்டியலையும் வழங்கலையும் கையாளும் கோஹா மென்பொருளை நிறுவிக் கொடுக்கப் பலர் உண்டு. தமிழில் தேடினால் ஏன் கிடைப்பதில்லை என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. பழைய பதிவுகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, இப்போது பொதுவாக உள்ள யூனிகோடு முறைக்கு மாற்றாமலே ஏற்றியிருப்பார்கள். திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். இல்லாவிட்டால் கோஹாவின் தேடுபொறியான ஜீப்ராவில், தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறையை இயக்காமல் விட்டிருப்பார்கள். அதை இயக்கிய பின் எல்லாப் பதிவுகளையும் முழுமையாக மறுபடி இன்டெக்ஸ் செய்தாக வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டுத் தமிழ்த் தேடலையே கைவிட்ட நூலகங்கள் உண்டு.

பெயர் விஷயமும் இப்படித்தான். கணினிப் பதிவில் ஆசிரியர் பெயருக்கான 100ஆம் புலத்தில் ஒரு புத்தகத்துக்கு ‘கண்ணன், இரா.’ என்றும் அடுத்ததற்கு ‘இரா. கண்ணன்’ என்றும் இட்டால் ஒரே ஆசிரியர் இருவராகிவிடுவார். தமிழ்ப் புனைகதை எல்லாம் டியூயி நூல் வகைப்பாட்டு முறையில் 894.8113 என்ற எண்ணிலேயே குவிவதால், அதன்கீழ் எழுதும் ஆசிரியர் குறியீடுதான் அலமாரி வரிசையைத் தீர்மானிக்கும். அதை இனிஷியலில் தொடங்குவதா, பெயரில் தொடங்குவதா என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்து எழுதிவைக்கச் சொல்கிறார்கள். மிகச் சரி. பிறகு மாற்றினால் புத்தக முதுகில் உள்ள ஸ்பைன் லேபிள் அத்தனையையும் உரித்து ஒட்ட வேண்டிவரும்.

ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது நூல் இருப்புச் சரிபார்ப்பில் புதியவர்களுக்கு இருக்கும் பயத்தையும் இவர்கள் போக்குகிறார்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215இன்படி 20,000 நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது. ஓராண்டில் வழங்கிய அல்லது படிக்க எடுத்த நூல்களில் 1,000க்கு 5 வரை குறைந்தால், நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமில்லாதவரை, அது ஏற்கத்தக்க இழப்பு. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். ஒரு புத்தகம் காணாமல் போனாலும் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று அலமாரியைப் பூட்டி வைப்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: இது மத்திய விதி. கடலூரில் அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் இருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்தும் தமிழ்நாடு விதி எது என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. புதுச்சேரியிலிருந்து வருபவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் தணிக்கையில் சிக்கல் வரும்.

மழைக்கால ஆயத்தம் உள்ளூர்க்காரர் சொன்னால்தான் உறைக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல். அக்டோபருக்குள் தரைத்தள அலமாரிகளின் அடித்தட்டைக் காலிசெய்வது, கோஹா பேக்கப்பின் ஒரு பிரதியை வேறு ஊரில் வைப்பது இரண்டும் முக்கியம். நனைந்த புத்தகம் 48 மணி நேரத்துக்குள் உலரத் தொடங்காவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்த வேண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் பக்கங்கள் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே இடையிடையே தாள் வைத்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய குறை, வருபவர்களில் சிலர் கீபோர்டைத் தாங்களே எடுத்துக்கொள்வது. வேலை முடிந்துவிடும், ஆனால் அடுத்த வாரம் அதே பிழை வந்தால் புதியவருக்குக் கை ஓடாது. பணிவாகவே சொல்லிவிடலாம்: “ஐயா, நான் செய்றேன், நீங்க பக்கத்துல இருந்து பாருங்க.” இன்னொன்று, கார்டில் பட்டியல் எழுதிய காலத்தில் கைதேர்ந்தவர்கள் எல்லாருக்கும் கோஹா பழக்கமில்லை. வகைப்படுத்தலுக்கு ஒருவர், கணினிக்கு ஒருவர் என்று தனித்தனியே அழைப்பதே மேல்.

ஜூன், ஜூலையில் அட்மிஷன் நெரிசல் இருக்கும், அப்போது கூப்பிட வேண்டாம். வருவதற்கு முன் வகைப்பாட்டு எண் போடத் தெரியாமல் ஒதுக்கிவைத்த பத்துப் புத்தகங்கள், அக்சஷன் ரெஜிஸ்டர் (நூல் வரவுப் பதிவேடு), கோஹா நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு மூன்றும் மேசையில் தயாராக இருக்கட்டும். பாஸ்வேர்டு நிறுவிக்கொடுத்தவரிடமே இருந்தால் பாதி நாள் அவரைத் தேடுவதிலேயே போய்விடும்.