கே-1 விசாவா, சிஆர்-1 விசாவா: படிவம் நிரப்பித் தரும் ஒரு இணைய சேவையைப் பற்றி

அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவர் வெளிநாட்டில் இருப்பவரைக் கல்யாணம் செய்து இங்கே அழைத்து வரலாம் என்று தேட ஆரம்பித்தால் போதும், ஐந்து நிமிடத்தில் விளம்பரம் வந்துவிடும். வக்கீல் தேவையில்லை, சில நூறு டாலர் கட்டினால் படிவங்களை நாங்களே தயார் செய்து தருகிறோம் என்பார்கள். அப்படி ஒரு நிறுவனத்தின் சேவையை நான் எடுத்தேன். பெயர் போடவில்லை, இதே மாதிரி நடத்துகிறவர்கள் பல பேர் இருக்கிறார்கள், இவர்களை மட்டும் தனியாகப் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை. 5க்கு 3 மதிப்பெண். படிவ வேலைக்கு மட்டும் என்றால் நாலரை கொடுத்திருப்பேன், எந்த விசா என்று முடிவு செய்ய உதவியதற்கு ஒன்றே அதிகம்.

முதலில் நல்லது. கேள்விகள் தெளிவாக இருந்தன, ஒரு முறை கொடுத்த முகவரி, வேலை விவரமெல்லாம் அடுத்தடுத்த படிவங்களில் தானாகவே போய் உட்கார்ந்தது. கேட்ட ஆவணப் பட்டியலும் உருப்படியானது. நிச்சயமானவரைக் கல்யாணத்துக்கு முன்பே அழைத்து வரும் கே-1 விசாவுக்குப் போகிறவர்கள் மனு போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை, இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஏற்றச் சொன்னார்கள். வீடியோ காலில் பேசிப் பழகினோம், பெரியவர்கள் பேசி முடித்தார்கள் என்பதெல்லாம் சந்திப்பாகாது. கடுமையான சமூக வழக்கத்துக்கு விரோதம் என்று நிரூபித்தாலோ, பெரும் சிரமம் இருந்தாலோ விலக்கு கேட்கலாம், ஆனால் அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

சரி, குறைக்கு வருகிறேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன வினாடி வினா வரும். கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்கு இல்லை என்று சொன்னால் போதும், உங்களுக்கு கே-1 தான், இதுதான் வேகமான வழி என்று பச்சை எழுத்தில் வந்துவிடுகிறது. இனிமேல் போய்க் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா, வந்தவுடன் அவர் வேலைக்குப் போக வேண்டுமா, பிள்ளை இருக்கிறதா என்று எதுவும் கேட்பதில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், நாங்கள் சட்ட நிறுவனம் அல்ல, சட்ட ஆலோசனை தருவதில்லை என்று ஒரு வரி. அது உண்மைதான், குடியேற்ற விஷயத்தில் ஆலோசனை சொல்ல வக்கீலுக்கும் அமெரிக்க நீதித் துறை அங்கீகரித்த பிரதிநிதிக்கும்தான் உரிமை உண்டு. ஆனால் மேலே பச்சையில் விசாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுக் கீழே ஆலோசனை தரமாட்டோம் என்றால் என்ன அர்த்தம்?

கே-1க்கு அவர்கள் ஏன் தள்ளுகிறார்கள் என்பது விலைப்பட்டியலைப் பார்த்தால் புரியும். கே-1 விசாவோடு கதை முடிவதில்லை. அதில் வந்தவர் 90 நாளுக்குள் மனு போட்டவரையே கல்யாணம் செய்ய வேண்டும், அப்புறம் கிரீன் கார்டுக்கு ஐ-485 என்று இன்னொரு பெரிய விண்ணப்பம் இங்கிருந்து போட வேண்டும். அதற்கு இந்த நிறுவனம் தனிப் பொதி வைத்திருக்கிறது, தனி விலை. ஆக கே-1 வாடிக்கையாளர் இரண்டு முறை காசு கொடுக்கிறார். சிஆர்-1 என்ற கணவன் மனைவி விசாவில் வருபவர் விமான நிலையத்தில் இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பாளர், ஐ-485 அவருக்குத் தேவையே இல்லை.

அரசாங்கக் கட்டணமும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ் உயர்த்திய கட்டணப்படி கே-1க்கு ஐ-129எஃப் மனு 675 டாலர், தூதரகத்தில் விசாவுக்கு 265, வந்தபின் ஐ-485க்கு 1,440. முன்பு ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே வேலை அனுமதியும் பயண அனுமதியும் அடங்கியிருந்தன, இப்போது வேலை அனுமதிக்கு 260, பயண அனுமதிக்கு 630 தனி. எல்லாம் சேர்த்தால் 3,270. சிஆர்-1க்கு ஐ-130 மனுவை இணையத்தில் போட்டால் 625, விசாக் கட்டணம் 325, வருபவரின் செலவுக்கு நான் பொறுப்பு என்று கொடுக்கும் ஸ்பான்சர் பத்திரத்தின் பரிசீலனை 120, கிரீன் கார்டுக்கு 235. மொத்தம் 1,305. மருத்துவப் பரிசோதனை இரண்டுக்கும் உண்டு. கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், கட்டும் நாளில் அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த இரண்டு கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தச் சேவை எங்கேயும் காட்டவில்லை.

பணத்தைவிட எங்களுக்குப் பெரிதாக இருந்தது காத்திருக்கும் காலம் எப்படிப் போகும் என்பது. கே-1ல் சீக்கிரம் சேர்ந்துவிடலாம், சரி, ஆனால் வேலை அனுமதி கைக்கு வரும் வரை அவர் வீட்டில் சும்மா உட்கார வேண்டும், ஐ-485 நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், இந்தியாவில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நாளைக்கே ஒன்று என்றால் அனுமதிக் கடிதத்துக்காக இங்கே உட்கார்ந்திருக்க முடியுமா? சிஆர்-1ல் பிரிந்திருக்கும் காலம் கூடும். ஆனால் வந்திறங்கியதும் முத்திரையிட்ட விசாவே ஒரு வருடத்துக்குக் கிரீன் கார்டாகச் செல்லும், மறுநாளே வேலைக்குப் போகலாம், ஊருக்கும் போகலாம். எங்களுக்கு அது போதும். பிரிந்திருக்கவே முடியாது, வருமானம் ஒருவருடையதே போதும் என்று இருப்பவர்களுக்கு கே-1 சரியாக இருக்கலாம், நான் அதைக் குறை சொல்லவில்லை.

முந்தைய மணத்தில் பிறந்த பிள்ளை இருந்தால் கணக்கே வேறு. கே-1ல் 21 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளை அதே மனுவில் கே-2 விசாவில் கூட வரலாம். சிஆர்-1 வழியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 போட வேண்டும், அதுவும் பிள்ளைக்கு 18 ஆகும் முன்பே கல்யாணம் நடந்திருந்தால்தான் மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் உறவு சட்டப்படி எடுபடும். 19 வயது மகள் இருப்பவர் சிஆர்-1 என்று முடிவு செய்தால் மகளை அந்த மனுவில் கொண்டுவரவே முடியாது. இப்படிப்பட்ட ஒரு கேள்வியை வினாடி வினாவில் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

நம்மவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றி இவர்களுக்கு அரிச்சுவடியும் தெரியாது. கே-1 என்பது கல்யாணம் ஆகாதவர்களுக்கு. ஆனால் நிச்சயதார்த்தத்தையே ஊரைக் கூட்டி, பட்டும் மாலையுமாக நடத்தி, அந்தப் படங்களை ஆதாரமாகக் கொடுத்தால் தூதரக அதிகாரி இது கல்யாணம்தானே என்று கேட்பார். இந்துத் திருமணச் சட்டப்படி சடங்கு முடிந்தாலே திருமணம், பதிவு செய்யவில்லை என்பதால் அது செல்லாமல் போய்விடாது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவு பண்ணவில்லை, அதனால் கே-1 போடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள், கே-1க்குக் கல்யாணம் ஆனவர், சிஆர்-1க்குச் சான்றிதழ் இல்லாதவர் என்று நடுவில் மாட்டுவீர்கள். அரட்டைப் பெட்டியில் இதைக் கேட்டேன். எல்லாப் படங்களையும் ஏற்றுங்கள், கூடுதல் ஆதாரம் நல்லது என்று பதில் வந்தது.

கடைசியில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசினேன். அங்கேதான் முடிவு தெளிவானது. நாங்கள் வேறு வேறு மதம், இந்தியாவில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்ய வேண்டும், அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு, இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், இதையெல்லாம் காலக் கணக்கில் சேர்க்கச் சொன்னார். ஸ்பான்சர் பத்திரமான ஐ-864ல் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆனாலும் பொறுப்பு போகாது, வந்தவர் குடியுரிமை பெறும் வரையோ 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும் வரையோ தொடரும் என்பதையும் வக்கீல்தான் உட்கார வைத்துச் சொன்னார். சேவையில் அது ஒரு டிக் பெட்டி. சுற்றுலா விசாவில் வரவழைத்து இங்கேயே கட்டிக்கொண்டால் என்ன என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார், தங்கும் எண்ணத்தை மறைத்து அந்த விசாவில் நுழைந்தால் பொய் சொன்னதாக நிரந்தரத் தடையே வரலாம் என்று அதையும் அங்கேயே மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு கே-1 பொதியை சிஆர்-1க்கு மாற்றித் தரச் சொன்னேன். இன்னும் எதுவும் அனுப்பவில்லை, வெறும் படிவ மாற்றம்தான், ஆனாலும் முதலில் தனிக் கட்டணம் கேட்டார்கள், உங்கள் வினாடி வினாதானே கே-1 என்றது என்று எழுதிக் கேட்டதும் விட்டுவிட்டார்கள். சிஆர்-1 படிவங்களை நன்றாகவே செய்து கொடுத்தார்கள், பிழை எதுவும் இல்லை. எந்த விசா என்று ஏற்கெனவே வக்கீலிடம் கேட்டுத் தீர்மானித்தவருக்கு, தட்டச்சு வேலை மிச்சம் என்ற அளவில் இந்தச் சேவை லாபம்தான். ஐ-130 இணையத்திலேயே நேரடியாகப் போடக்கூடிய எளிய படிவம் என்பதால் கொஞ்சம் பொறுமை இருந்தால் அந்தச் செலவும் வேண்டாம்.

கல்யாணமாகி 2 வருடம் நிறையுமுன் வந்து இறங்குபவருக்குக் கிடைப்பது 2 வருட நிபந்தனை கிரீன் கார்டு, அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கச் சொல்லும் ஐ-751 விண்ணப்பம் போட வேண்டும், அரசுக் கட்டணம் 750 டாலர். எங்கள் மனு இன்னும் நேர்காணலுக்கே வரவில்லை, அதற்குள் ஐ-751 பொதிக்கு முன்கூட்டியே தள்ளுபடி என்று இவர்களிடமிருந்து மின்னஞ்சல் வர ஆரம்பித்துவிட்டது.