பழுது நீங்கி வந்த ஃபிளாஷும் அதன் தூக்கமும்

கால் உடைந்த என் ஃபிளாஷ் மூன்று வாரங்களுக்குப் பிறகு நேற்றுதான் கைக்கு வந்தது. கேமராவின் தலையிலோ ஸ்டாண்டிலோ செருகுவதற்காக அடியில் இருக்கும் பகுதியைத்தான் கால் என்கிறேன். ஒளியைப் பரப்ப ஸ்டாண்டில் மாட்டியிருந்த குடையைக் காற்று தள்ள, ஸ்டாண்டு சாய, ஃபிளாஷ் தலைகுப்புற விழுந்து கால் ஒடிந்துபோனது. பழுது பார்த்தவர் புதிய காலைப் பொருத்தி, உள்ளே விட்டுப்போயிருந்த ஓர் ஒயரையும் பற்றவைத்துக் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தள்ளி வைத்துப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன், உங்களிடம் இருக்கும் அதே மாடலை வாங்கலாமா என்று. ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான்கு ஆண்டுகளாக என்னோடு இருக்கும் பொருள். அதன்மேல் நன்றியும் இருக்கிறது, ஆறாத கோபமும் இருக்கிறது.

என்னுடையது நான்கு பேட்டரி போடும் சாதாரண ஸ்பீட்லைட், அதாவது கையடக்க ஃபிளாஷ். சக்தியைக் கையால்தான் வைக்க வேண்டும், கேமராவே ஒளியை அளந்து சக்தியை முடிவு செய்யும் டிடிஎல் கிடையாது. ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது, அதை எரியச் சொல்லும் டிரிகர் கேமராவின் மேல் உட்காரும். மற்ற விவரங்கள் இந்த வகை ஃபிளாஷ் எல்லாவற்றுக்கும் பொதுவானவைதான். ஃபிளாஷின் வலுவைச் சொல்லும் கைடு நம்பரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் 60 என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமில் வைத்து அளந்ததாக இருக்கும். குடைக்குள் ஒளியைப் பரப்ப யாரும் அந்த ஜூமில் வைப்பதில்லை. கைடு நம்பர் 36 என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் தூரத்துக்கு 36ஐ 3ஆல் வகுத்தால் அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் அளவு, எஃப் 12. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது; குடை இரண்டு ஸ்டாப் தின்றுவிட்டால் எஃப் 5.6க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கேமராவின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100இல் இருக்கும்போது ஒரு முகத்துக்கு அது போதும்.

வாங்கிய புதிதில் கேமராவின் தலையிலேயே மாட்டி எடுத்தேன். முகங்கள் எல்லாம் சுவரில் ஒட்டிய சுவரொட்டி போலத் தட்டையாக வந்தன. மூக்கு இருக்கிறது, கன்னம் இருக்கிறது, ஆனால் அவற்றுக்கு நடுவே பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. கண்ணும் விளக்கும் ஒரே திசையிலிருந்து பார்த்தால் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நிழல் தெரியாத இடத்தில் வடிவமும் தெரியாது. ஒருநாள் டிரிகரைப் போட்டு, ஃபிளாஷை இடது பக்கம் ஒரு ஸ்டாண்டில் ஏற்றினேன். அன்று என்னை நிற்கவைத்தது முகம் அல்ல, முகத்துக்குப் பின்னால் இருந்த சுவர்.

எங்கள் அறைச் சுவர் வெள்ளை. ஃபிளாஷை என் தம்பியின் முகத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் வைத்திருந்தேன். சுவர் ஃபிளாஷிலிருந்து மூன்று மீட்டர். படத்தில் சுவர் கரும்சாம்பலாக இருந்தது. ஏதோ தவறு என்று நினைத்து, ஃபிளாஷை முகத்திலிருந்து நான்கு மீட்டருக்குப் பின்னால் தள்ளிவைத்து, முகம் அதே வெளிச்சத்தில் வரும்படி சக்தியைக் கூட்டி எடுத்தேன். அதே தம்பி, அதே இடம், அதே சுவர்; இப்போது சுவர் வெள்ளைக்கு வெகு அருகில் வந்துவிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்பதைப் பள்ளியில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். அது ஒரு சுவரின் நிறத்தை மாற்றும் என்று அன்றுதான் புரிந்தது. முதல் படத்தில் சுவர் முகத்தைவிட மூன்று மடங்கு தூரம், அதனால் ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம், ஏறக்குறைய மூன்று ஸ்டாப் குறைவு. இரண்டாவதில் நான்குக்கு ஆறு. ஒரு ஸ்டாப்புக்குச் சற்றே மேல். வேறொன்றும் இல்லை. அன்று இரவு தம்பி அலுத்துப்போய் எழுந்து போகும்வரை ஸ்டாண்டை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தேன். இன்றும் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் என் கண் போவது சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்குத்தான்.

அடுத்து வந்தது அந்தி. இதை நண்பருக்கு விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஃபிளாஷ் வைத்து எடுக்கும் ஒவ்வொரு படமும் உண்மையில் இரண்டு படங்கள். ஒன்று வானமும் தெருவிளக்கும் எழுதுவது, மற்றொன்று ஃபிளாஷ் எழுதுவது. ஃபிளாஷ் எரியும் நேரம் மிகச் சிறியது. முழுச் சக்தியில்கூட நொடியின் சில நூறில் ஒரு பங்குதான். ஷட்டர் அதற்கு மேல் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃபிளாஷின் பங்கு கூடாது, வானத்தின் பங்குதான் கூடும். ஆகவே ஷட்டரைத் தொட்டால் வானம் மாறும், முகம் மாறாது. அபெர்ச்சரைத் தொட்டால் இரண்டும் மாறும். ஃபிளாஷின் சக்தியைத் தொட்டால் முகம் மட்டும் மாறும்.

இதைப் படித்தால் விடுகதை போல இருக்கும். மொட்டைமாடியில், சூரியன் இறங்கிய இருபதாவது நிமிடத்தில், செய்து பார்க்க வேண்டும். நொடியின் 200இல் ஒரு பங்கில் வானம் மை போல அடர்ந்திருக்கும். 60இல் ஒரு பங்குக்கு இறங்கினால் நீலம் விரியும். 15இல் ஒரு பங்கில் அடிவானத்தின் ஆரஞ்சு எழுந்து வரும். இத்தனை மாற்றத்திலும் முன்னால் நிற்பவரின் முகம் இம்மியும் அசையாமல் அதே வெளிச்சத்தில் இருக்கும். ஃபிளாஷின்மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒன்றை ஒட்டி, எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் வெள்ளைச் சமநிலையைப் பல்பு வெளிச்சத்துக்கு, அதாவது 3200 கெல்வின் பக்கம், வைத்துவிட்டால் முகம் இயல்பாக இருக்கும், வானம் மட்டும் ஆழ்ந்த நீலத்தில் மூழ்கும். முதன்முதலில் அந்த நீலத்தைத் திரையில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. மிகைப்படுத்தவில்லை.

ஃபிளாஷோடு எடுக்கும்போது 200இல் ஒரு பங்குக்கு மேல் ஷட்டரை ஏற்ற என் கேமராவில் முடியாது. ஏற்றினால் ஷட்டர் திரையின் நிழல் படத்தில் கறுப்புப் பட்டையாக விழும். அந்த வரம்பைத் தாண்ட அதிவேக ஒத்திசைவு என்று ஒன்று உண்டு, அதில் ஒளி நிறைய வீணாகும். என் மாடலில் அதுவும் இல்லை. நடுப்பகல் வெயிலில் அகன்ற அபெர்ச்சரில் எடுக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய குறை. நான் அந்தியின் ஆள், எனக்கு உறுத்தவில்லை.

டிடிஎல் இல்லாதது குறையா என்றும் நண்பர் கேட்டிருந்தார். கற்றுக்கொள்பவருக்கு இல்லவே இல்லை. டிடிஎல் ஒரு முன்மின்னலை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை அளந்து முடிவெடுக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரர் நின்றால் ஓர் அளவு, அவர் விலகிக் கறுப்புச் சட்டைக்காரர் வந்தால் வேறோர் அளவு. கையால் வைத்த ஃபிளாஷுக்குச் சட்டை தெரியாது, தூரம் மட்டும்தான் தெரியும். தூரம் மாறாதவரை நூறு படம் எடுத்தாலும் நூறும் ஒன்றுபோல இருக்கும். பிழை வந்தால் அது என்னுடையது, காரணமும் எனக்குத் தெரிந்துவிடும். ஓடியாடும் குழந்தையின் பின்னால் போகிறவருக்கு டிடிஎல் தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை.

சக்தியைக் குறைத்தால் இந்த வகை ஃபிளாஷ் மங்கலாக எரிவதில்லை, சீக்கிரம் அணைகிறது. 64இல் ஒரு பங்கு, 128இல் ஒரு பங்கு என்று போகப் போக மின்னல் நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இருட்டறையில் சொட்டும் குழாயின் கீழ் ஒரு தட்டை வைத்து எடுத்துப் பாருங்கள். பால்துளி கிரீடமாகத் தெறிக்கும் படத்தை அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜெர்ட்டன் 1957இல் எடுத்தார். வண்ணத்தில் உலகம் முழுவதும் பார்த்த படம் அது. அந்தப் படத்தின் அடிப்படை என் கையில் இருக்கும் எளிய கருவியிலும் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் கொடுத்த பொருள் இது. இனி அதன் தூக்கத்தைப் பற்றி.

சும்மா விட்டால் ஒன்றரை நிமிடத்தில் தூங்கிவிடும். தூக்கம் என்ற ஏற்பாட்டின்மேல் எனக்குக் குறையில்லை. உள்ளே மின்னலுக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டரை முந்நூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிரப்பியே வைத்திருந்தால் பேட்டரி வீணாகத் தீரும், தூங்குவது நியாயம். தூங்காதே என்று சொல்ல அமைப்புகளில் ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து மூன்று நொடி அழுத்தி, ஏழாவது அமைப்புக்குச் சுழற்றிப் போய், மாற்றிவிட்டு வெளியே வரவேண்டும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரியை மாற்றிய மறுகணம் இந்த ஓர் அமைப்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. டிரிகரோடு பேசும் சேனல் நினைவில் இருக்கிறது. குரூப் நினைவில் இருக்கிறது. கடைசியாக வைத்த சக்தியும் ஜூமும்கூட நினைவில் இருக்கின்றன. தூங்காதே என்ற சொல்லை மட்டும் மறந்துவிடுகிறது. நினைவகமே இல்லாத பொருள் என்றால் மன்னிக்கலாம். எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு இதை மட்டும் மறக்கும்படி ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், இன்னொருவர் சோதித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கேமராவின்மேல் இருந்தால் தூங்கியது உடனே கண்ணில் படும். தள்ளி வைத்துப் பயன்படுத்தும்போது அது இரண்டு மீட்டர் உயரத்தில், குடையின் உட்பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கும். நான் நிற்கும் இடத்திலிருந்து அதன் திரையும் தெரியாது, விளக்கும் தெரியாது. டிரிகரின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழிக்கும் என்கிறது கையேடு. தூங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தால் விழிக்கிறது. நெடுநேரம் ஆகிவிட்டால் ஸ்டாண்டு வரை நடந்துபோய்த் தட்டித்தான் எழுப்ப வேண்டும்.

என் பாட்டிக்குப் படமெடுத்துக்கொள்வது பிடிக்காது. கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, பத்து நிமிடம் பேசிப் பேசி, வாசற்படியருகே நாற்காலியில் உட்காரச் சம்மதிக்க வைத்தேன். அதற்குச் சற்று முன்தான் பேட்டரி மாற்றியிருந்தேன். நொடியின் 200இல் ஒரு பங்கு, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100. அறை வெளிச்சம் ஒரு துளியும் படத்தில் சேரக்கூடாது, குடையிலிருந்து வரும் ஒளி மட்டும் வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்த அளவு. பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தவர், எதையோ நினைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார். அழுத்தினேன். ஷட்டரின் ஓசை கேட்டது. வெளிச்சம் வரவில்லை.

திரையில் முழுக் கறுப்பு. அறை வெளிச்சம் அந்த அளவுக்கு ஆறு ஸ்டாப்புக்கு மேல் குறைவு. கணினியில் எவ்வளவு தூக்கிப் பார்த்தாலும் மணல் தூவிய ஒரு கோடாகத்தான் அந்தச் சிரிப்பு தெரிகிறது. நான் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வருவதற்குள் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். ஃபிளாஷே இல்லாமல், ஐஎஸ்ஓவை ஏற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்திருந்தால்கூட அந்தப் படம் இன்று என்னிடம் இருந்திருக்கும். அந்தக் கறுப்புக் கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை.

இந்த முறை பழுது பார்த்தவரிடம் கேட்டேன். உடைந்ததைத்தான் தன்னால் மாற்ற முடியும், உள்ளே எழுதியிருப்பதை மாற்ற முடியாது என்றார். பயனுள்ள ஒரு விஷயமும் சொன்னார்: பல மாதம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கெப்பாசிட்டர் தளர்ந்துபோகும், மாதம் ஒருமுறையாவது முழுச் சக்தியில் சிலமுறை எரியவிடுங்கள் என்று. பேட்டரியில், சாதாரண ஆல்கலைனை விட்டு மறுபடி சார்ஜ் ஏற்றும் நிக்கல் வகைக்கு மாறியதை நான் செய்த நல்ல முடிவு என்பேன். ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட்தான் என்றாலும் மின்சாரத்தைத் தடையில்லாமல் தருவதால் ஃபிளாஷ் வேகமாக நிரம்புகிறது. குடை மாட்டினால் ஸ்டாண்டின் காலில் ஒரு மணல் மூட்டை கட்டுங்கள். முதல் நாளே கட்டியிருந்தால் எனக்கு இந்தப் பழுதே வந்திருக்காது.

நண்பருக்கான பதில்: வாங்காதீர்கள். மேலே அத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது பொருந்தவில்லை என்று தெரியும். அந்தியும் சுவரும் பால்துளியும் இந்த மாடலின் சொத்து அல்ல. கையால் சக்தி வைக்க முடிகிற எந்த ஃபிளாஷும் அவற்றைத் தரும். இந்த மாடலுக்கே உரியது அந்தத் தூக்கம் மட்டும்தான். வேறு எதை வாங்கினாலும், கடையிலேயே அதன் தூக்கத்தை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி மாட்டி, இரண்டு நிமிடம் காத்திருந்து, டிரிகரை அழுத்திப் பாருங்கள். எரிந்தால் வாங்குங்கள்.

அதுவரை கற்றுக்கொள்ள என்னுடையதை எடுத்துப் போங்கள். ஏழாவது அமைப்பு, மூன்று நொடி. உள்ளே ஒட்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மாத இறுதிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாட்டி இன்னொரு முறை உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்.