டெபுடேஷன் விண்ணப்பம்: ஐந்துக்கு இரண்டரை ஸ்டார்

பரோட்டா கடைக்கெல்லாம் ஸ்டார் போடுகிறோம். அரசாங்கம் ஆளெடுக்கிற விதத்துக்கு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. விண்ணப்பித்துப் பார்த்தவள் என்ற முறையில் நான் போடுகிறேன்.

கம்பெனி மோசடிகளை விசாரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் அலுவலகம் எஸ்எஃப்ஐஓ (சீரியஸ் ஃப்ராட் இன்வெஸ்டிகேஷன் ஆபீஸ்). 2003-ல் தொடங்கினார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 211-ஆம் பிரிவு அதற்குச் சட்ட அந்தஸ்து தந்தது. தலைமை டெல்லியில், சென்னையிலும் ஓர் அலுவலகம் உண்டு. அந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்தெந்தத் துறை நிபுணர்கள் வேண்டும் என்ற பட்டியலில் முதல் பெயரே வங்கித் துறைதான். வரி, தடயவியல் தணிக்கை, சட்டம் எல்லாம் அதற்கு அப்புறம். பதினான்கு வருடம் ஒரு பொதுத்துறை வங்கியின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் பேரேடு புரட்டியவளுக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்? இதற்கு ஒரு முழு ஸ்டார்.

சத்யம் விவகாரம் ஞாபகம் இருக்கும். 2009 ஜனவரியில் சத்யம் ஐடி கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றிருந்தது. வங்கிக்காரர்களுக்கு அது ஒரு மாதிரி உறுத்தல். இருப்பை உறுதி செய்யும் கடிதம் எப்படி இருக்கும், எந்த மூலையில் சீல் விழும் என்பது எங்கள் கைப்பழக்கம். அந்த வழக்கை விசாரித்த அலுவலகங்களில் எஸ்எஃப்ஐஓவும் ஒன்று. அப்போதிருந்தே எனக்கு அங்கே ஒரு கண்.

சரி, ஆள் எப்படி எடுக்கிறார்கள்? பெரும்பாலும் கடன்தான். வருமான வரி, சுங்கம், போலீஸ், வங்கி என்று பிற இடங்களிலிருந்து சில வருடங்களுக்கு டெபுடேஷனில் வாங்குகிறார்கள். கூடவே ஒப்பந்தத்தில் கன்சல்டன்ட்கள். ஒரு பெரிய கேஸில் பணம் எந்தெந்தக் கம்பெனி வழியாகச் சுற்றியது என்று பிடிபடவே வருடக்கணக்கு ஆகும். பிடிபடுகிற நேரத்தில் அதிகாரிக்குத் தாய் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்துவிடும். காலியிடங்களைப் பற்றி நாடாளுமன்றக் குழுவே குறை சொல்லியிருக்கிறது. இங்கே அரை ஸ்டார், அதுவும் மனசு வந்து.

இனி விண்ணப்பம். மத்திய அரசு டெபுடேஷன் எல்லாவற்றுக்கும் பொதுவான சடங்கு இது: விஜிலென்ஸ் சான்று, நேர்மைச் சான்று, ஐந்து வருட ஏபிஏஆர் (மேலதிகாரி எழுதும் வருடாந்திரப் பணி மதிப்பீடு) நகல். நகலின் ஒவ்வொரு பக்கத்திலும், அமைச்சகங்களில் இருக்கும் அண்டர் செக்ரட்டரி அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் கையெழுத்திட வேண்டும். வங்கியில் அண்டர் செக்ரட்டரிக்கு எங்கே போவது? எங்கள் ஏஜிஎம்மிடம் (உதவிப் பொது மேலாளர்) நீட்டினேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் அண்டர் செக்ரட்டரிக்கு மேலயாம்மா, கீழயா?" என்றார். நாற்பது பக்கம். ஊதா மை தீர்ந்து, இருபத்தேழாம் பக்கத்தில் பாதி சீல்தான் விழுந்தது. அதன் மேலேயே இன்னொன்று குத்தினார். இரண்டும் சேர்ந்து அவர் பதவியே படிக்க முடியாமல் போனது.

விண்ணப்பம் 'துரூ ப்ராப்பர் சேனல்' போக வேண்டும். சேனல் என்றால் எங்கள் ஹெச்ஆர். அங்கே நல்ல ஆளை விட மனசு வராது, சுமாரான ஆளைச் சிபாரிசு செய்ய வாய் வராது. வாரம் ஒருமுறை போன் செய்தேன். "ஃபைல் மேல போயிருக்கு மேடம்" என்றார்கள். எத்தனை மாடிதான் இருக்கிறதோ அந்தக் கட்டடத்தில். கடைசித் தேதி தாண்டி ஒன்பதாம் நாள் கவர் திரும்பி வந்தது, 'நிர்வாகக் காரணங்களால் அனுப்ப இயலவில்லை' என்ற ஒரு வரியோடு. என் விண்ணப்பம் திருச்சியைத் தாண்டவே இல்லை. ஆகவே டெல்லிக்காரர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு நான் மார்க் போட முடியாது. ஆனால் ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுப்பவர் ஒருவர், கதவைத் திறப்பவர் இன்னொருவர் என்ற ஏற்பாட்டுக்கு பூஜ்யம்.

மீதி ஒரு ஸ்டார் வேலைக்கே. இத்தனைக்குப் பிறகும் அந்த வேலை வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. வயது வரம்பு 56 என்று போட்டிருந்தார்கள், எனக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது. நாற்பது பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை விளம்பரம் வந்த அன்றே அட்வான்ஸ் காப்பி ஒன்றை நேராக டெல்லிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டுத்தான் ஹெச்ஆர் பக்கம் போவேன். ஏஜிஎம் ரிடையர் ஆகிவிட்டார். புது ஏஜிஎம்மின் ஸ்டாம்ப் பேடில் மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.