டேலி கணக்கை எங்கே பத்திரப்படுத்துவது? வெளி டிஸ்க், நாஸ் பெட்டி, கிளவுட்: ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு மார்ச் கடைசி வாரத்தில் திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. கணக்கு முடிக்கும் நேரத்தில், கணக்கெழுதும் மென்பொருளான டேலி திறக்கவில்லை. போய்ப் பார்த்தபோது எல்லாக் கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து பார்க்க வசதியாக, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். கடவுச்சொல், கம்பெனியின் பெயரோடு 123.

“அண்ணா, பேக்கப் இருக்கிறதா?” என்று கேட்டேன். இருந்தது. கணினிக்குப் பின்னால் யு.எஸ்.பி. கம்பியில் இரவும் பகலும் மாட்டியே கிடந்த ஹார்டு டிஸ்கில். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிட்டது. நான்கு ஆண்டுக் கணக்கு போயிற்று. “இனிமேல் எதை வாங்கி வைக்கட்டும், தம்பி?” என்று முதலாளி கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அத்தனை காலம் ஒரே கணினியை நம்பியிருக்க முடியாது.

முதலில் வெளி ஹார்டு டிஸ்க். விலை குறைவு, மாதச் சந்தா கிடையாது, கணினி போய்விட்டால் அரை மணி நேரத்தில் கணக்கைத் திரும்ப எடுத்துவிடலாம். கம்பியைக் கழற்றிவிட்டால் உலகின் எந்த வைரஸாலும் அதைத் தொட முடியாது. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம். ஆனால் கழற்றினால்தான் அந்தக் குணம். பேக்கப் எடுத்த கையோடு கழற்றி பீரோவில் வைக்கும் பழக்கம் பத்துக் கடைகளில் இரண்டில்கூட நான் பார்த்ததில்லை.

இன்னொரு குறை, அது இருக்கும் இடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள அலுவலகங்களுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைத்துப் பாருங்கள். மேசைக்கு அடியில் கணினி, மேசை டிராயரில் பேக்கப் டிஸ்க் என்றால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். எனவே ஒன்று போதாது, இரண்டு டிஸ்க் வேண்டும். ஒன்று கடையில், மற்றது வீட்டில். வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். பஸ்ஸில் தொலைந்தால் கணக்கு வெளியே போகாமலிருக்க விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டிவிடுங்கள். அதைப் போட்டுக்கொள்ள விண்டோஸின் ப்ரோ பதிப்பு வேண்டும். ஹோம் பதிப்பில், பூட்டிய டிஸ்கைத் திறக்க மட்டுமே முடியும்.

அடுத்தது நாஸ் பெட்டி. இரண்டு டிஸ்க் போட்டு ரவுட்டரோடு இணைத்து வைக்கும் சிறிய பெட்டி இது. விற்பவர்கள் “ரெய்டு 1 இருக்கிறது, ஒரு டிஸ்க் போனாலும் கவலையில்லை” என்பார்கள். ரெய்டு 1 என்பது ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதும் முறை. அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் டிஸ்க் பழுதுக்கு மட்டும். கணக்கர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். கணினியில் இசட் டிரைவ் என்று மாட்டி வைத்திருந்தால், கணினியில் நுழைந்த ரான்சம்வேர் அதையும் பூட்டும். கோப்புகளின் நிலையை அவ்வப்போது பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியுள்ள பெட்டியில் பழைய நிலைக்குத் திரும்ப வழியுண்டு. வாங்குமுன் அதைக் கேட்டே தீர வேண்டும்.

வீட்டிலிருந்தும் பார்க்கலாமே என்று பெட்டியை நேரடியாக இணையத்துக்குத் திறப்பது பெரிய ஆபத்து. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு ரான்சம்வேர்கள் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்தே வந்தன. டெட்போல்ட் ஒவ்வொருவரிடமும் கேட்டது 0.03 பிட்காயின். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை யாரோ தொலைவிலிருந்தே ரீசெட் செய்து காலியாக்கினார்கள். அந்த மாடலுக்கு 2015-லேயே அப்டேட் நின்றுபோயிருந்தது. வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல நாஸ். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஐந்தாறு பேர் ஒரே கோப்புகளில் வேலை செய்யும் டிசைன் கூடத்துக்கோ ஆடிட்டர் அலுவலகத்துக்கோ அது பொருந்தும். இரண்டு கணினி உள்ள கடைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையவழிச் சேமிப்பான கிளவுடில்தான் குழப்பம் அதிகம். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றை எல்லாரும் பேக்கப் என்கிறார்கள். அவற்றின் அடிப்படை வேலை ஒத்திசைவு: கணினியில் இருப்பதை அப்படியே மேலே காட்டுவது. கணினியில் பூட்டப்பட்ட கோப்பு மேலேயும் பூட்டப்பட்ட கோப்பாகவே போய்ச் சேரும். பழைய பதிப்புகள் நம்மைக் காப்பாற்றும், ஆனால் அதற்குக் கெடு உண்டு. கூகுள் டிரைவில் பதிவேற்றிய கோப்பின் பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாளோ 100 பதிப்புகளோ வரைதான். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு நிலைக்குத் திருப்பலாம். இரண்டு மாதம் கழித்துத் தெரியவரும் தவறுக்கு இவை உதவா. பதிப்புகளை மாதக்கணக்கில் வைத்திருக்கும் தனி பேக்கப் சேவைக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல.

டேலியின் டேட்டா ஃபோல்டரையே ஒத்திசைவு ஃபோல்டருக்குள் வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வேலை நடக்கும்போதே பாதிக் கோப்பு மேலேறி, கணக்கு கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை மட்டும் மேலே அனுப்புங்கள். 500 எம்.பி. அளவுள்ள பேக்கப் 20 எம்.பி.பி.எஸ். பதிவேற்ற வேகத்தில் மூன்றரை நிமிடத்துக்குள் போய்விடும். அதே வேகத்தில் ஓர் அச்சகத்தின் 500 ஜி.பி. டிசைன் கோப்புகளை அனுப்ப இரண்டே கால் நாளுக்கு மேலாகும். கணக்குக்குக் கிளவுட் எளிது, படங்களுக்கு டிஸ்க்கே எளிது என்று நான் சொல்வது இதனால்தான்.

கிளவுட் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கணினி பார்க்க வந்த பையனின் கைபேசி எண்ணில் திறந்த கணக்கு, அவன் வேலையை விட்டுப் போன அன்றே உங்கள் கையை விட்டுப் போய்விடும். முதலாளியின் எண்ணில் திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். கிளவுடும் எங்கோ ஒரு கட்டடம்தான்: 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. வேறெங்கும் நகல் இல்லாதவர்கள் தரவை இழந்தார்கள்.

திருப்பூர் முதலாளிக்கு நான் சொன்னது இரண்டு வெளி டிஸ்கும், டேலி பேக்கப்புக்கு மட்டும் ஒரு கிளவுட் கணக்கும். நாஸ் வேண்டாம் என்றேன். ரிமோட் டெஸ்க்டாப்பை அன்றே மூடினோம். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தேன்: மாதம் ஒருநாள் பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனமான கிட்லேப், 2017 ஜனவரி 31 அன்று தன் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டு பேக்கப்பைத் தேடியபோது, வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்தக் கம்பெனிக் கணக்கர் பழைய மடிக்கணினியில் பேக்கப்பை ஏற்றி, கடைசி பில் எண்ணைக் கையிலிருக்கும் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். அந்த பில் புத்தகங்களை வைத்துத்தான், போன நான்கு ஆண்டுக் கணக்கையும் அவர் இன்னும் இரவுகளில் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.