மிக்ஸ்டு மாடலா, ஜீஇஇ-யா, ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸா?

பசங்க ஸ்கூலுக்குள்ள, ஸ்கூல் மாவட்டத்துக்குள்ளன்னு அடுக்கடுக்கா இருக்குற டேட்டாவ சாதா ரிக்ரஷன்ல போடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஒரே ஸ்கூல் பசங்க மார்க் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும். அதனால தலைப்புல இருக்குற மூணு வழில ஒண்ண எடுக்கணும். ஸ்கூலுக்கு 30 பேர், ஐசிசி (ஒரே ஸ்கூல் பசங்க எவ்ளோ ஒத்துப்போறாங்கன்னு காட்டுற எண்) வெறும் 0.1-ன்னா கூட டிசைன் எஃபெக்ட் (இந்த ஒத்துப்போறதால டேட்டாவோட பலம் எத்தனை மடங்கு குறையுதுங்கறது) 3.9 வரும், அதாவது 1500 பேரோட டேட்டா ஏறக்குறைய 385 பேருக்குத்தான் சமம். நான் மிக்ஸ்டு மாடல் (ஸ்கூலுக்கு ஸ்கூல் இருக்குற வித்தியாசத்த தற்செயலா வர்றதா எடுத்துக்குற ரிக்ரஷன்) கட்சி, கடைசியா பண்ண அனாலிசிஸ்லயும் அதைத்தான் எடுத்தேன்.

ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ்ல ஸ்கூலுக்கு ஒரு டம்மி (அந்த ஸ்கூலா இல்லயான்னு சொல்ற 0/1 வேரியபிள்) போட்டுட்டா ஸ்கூல் பக்கம் ஒளிஞ்சிருக்குற வில்லங்கமெல்லாம் கழிஞ்சிடும். கூடவே லேப் இருக்கா இல்லயாங்கற மாதிரி ஸ்கூல் லெவல் வேரியபிளும் கழிஞ்சிடும், எனக்கு வேண்டியதே அந்த மாதிரி வேரியபிள்தான். மிக்ஸ்டு மாடல்லயே பசங்க லெவல் வேரியபிளோட ஸ்கூல் சராசரிய தனி வேரியபிளா சேத்துட்டா (முண்ட்லாக் 1978-ல சொன்ன வழி) பாதி சண்டை முடிஞ்சுது.

ஜீஇஇ (ஜெனரலைஸ்டு எஸ்டிமேட்டிங் ஈக்வேஷன்ஸ்), 1986-ல லியாங்கும் சீகரும் கொண்டுவந்தது. ஒரே ஸ்கூல் பசங்களுக்குள்ள இருக்குற கோரிலேஷன் அமைப்ப தப்பா குடுத்தாலும் கோஎஃபிஷியன்ட் தாங்கும், ஆனா ஸ்கூல் எண்ணிக்கை 40-க்கு கீழ போனா ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பு எவ்ளோ ஆடலாம்னு சொல்ற அளவு) சின்னதா வந்து நம்மள ஏமாத்தும், திருத்தம் போட்டுத்தான் ஆகணும்.

என்ன மிக்ஸ்டு மாடல் பக்கம் முடிவு பண்ண வச்சது பார்ஷியல் பூலிங்தான், அதாவது ஒவ்வொரு ஸ்கூலோட மதிப்பையும் மொத்த சராசரி பக்கம் கொஞ்சம் இழுக்குறது. மொத்த சராசரி 60-ன்னு வைங்க, ஒரு ஸ்கூல்ல 4 பேர்தான் எழுதியிருக்காங்க, சராசரி 85. டம்மி போட்டா அந்த ஸ்கூல் அப்படியே 85-னு லிஸ்ட்ல முதல்ல வந்து உக்காந்துக்கும், நாலு பேர வச்சு! மிக்ஸ்டு மாடல் ஐசிசி 0.1-ல அதுக்கு குடுக்குற வெயிட் 4/13, அதனால மதிப்பு 68 கிட்ட இறங்கிடும். அதே 85 எடுத்த ஸ்கூல்ல 90 பேர் இருந்தா வெயிட் 90/99, மதிப்பு 83 கிட்டயே நிக்கும். ஆள் கம்மின்னா கம்மியா நம்பு, ஜாஸ்தின்னா ஜாஸ்தியா நம்புங்கறத மாடலே பாத்துக்குது, ஜீஇஇ கிட்ட ஸ்கூல் வாரியா மதிப்பே கேக்க முடியாது. ஸ்கூல்கள வரிசைப்படுத்துற வேலைன்னா எனக்கு வேற யோசனையே கிடையாது.

பாஸ் ஃபெயில் மாதிரி ரெண்டே பதில் இருக்குற டேட்டால மட்டும் இவ்ளோ அடிச்சு சொல்ல மாட்டேன், அங்க நான் அதிகம் வேல பாத்ததில்ல. அதுல ரெண்டோட கோஎஃபிஷியன்டும் வேற வேற விஷயத்த சொல்லுது, ஜீஇஇ மொத்த ஜனத்தோட சராசரிய, மிக்ஸ்டு மாடல் ஒரே ஸ்கூலுக்குள்ள நடக்குறத, ரெண்டையும் ஒரே டேபிள்ல வச்சு ஒப்பிடாதீங்க.

ஆர்-ல எல்எம்இ4 (மிக்ஸ்டு மாடல் ஓட்டுற பேக்கேஜ்) ஓட்டி சிங்குலர் ஃபிட்னு வார்னிங் வந்தா பெரும்பாலும் ரேண்டம் ஸ்லோப்ப (ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறுற கோஎஃபிஷியன்ட்) ஓவரா போட்டிருப்பீங்க, மொதல்ல ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறுற இன்டர்செப்ட் (ஆரம்ப மட்டம்) மட்டும் வச்சு ஓட்டிப் பாருங்க.